கட்டில் நின்ற இடத்துக்கு ஒரு சோபா

"படுத்துப் பாருங்கக்கா. போட்டுப் பாக்காம செருப்பு வாங்குவீங்களா?" என்றான் கடைக்காரன்.

மாஸ்டரக்கா படுக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், யாராவது எழுந்திரு என்று சொல்லிவிடுவார்களோ என்று காத்திருப்பவள் போல. படுத்தது அவளோடு வந்த அண்ணிதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல் கைகால் நீட்டி மல்லாந்தாள்.

"நடு முதுகுல ஒரு கம்பி குத்துதுப்பா. இதுல ஒரு வாரம் படுத்தா நானே மடங்கிடுவேன். அப்புறம் என்னையும் சேத்து மடக்கி வைக்க வேண்டியதுதான்."

"மேல ஒரு பஞ்சு விரிப்பு போட்டுட்டா தெரியாது மேடம்."

"கம்பி போய் ஒளிஞ்சுக்குமா? ஒளிஞ்சுட்டு மறுபடி வந்து குத்தும். அடுத்ததைக் காட்டு, கண்ணா."

அண்ணி பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். அதனால் மீசை நரைத்தவரைக்கூட மூக்கு ஒழுகும் பிள்ளையாகப் பாவித்துத்தான் பேசுவாள். மாஸ்டரக்காவின் கணவனுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. கணவன் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணி அண்ணியாகவே இருந்தாள். அதற்குக் காரணம் வெறும் பாசம் மட்டுமல்ல. மாஸ்டரக்காவின் ஒரே மகள் வளர்வது அவள் வீட்டில்.

கடைக்காரன் அடுத்த சோபாவுக்குப் போனான். இது வேறு வகை. முதுகுச் சாய்மானத்தை முன்னால் இழுத்து, கொக்கி விடுபடும் சத்தம் வந்ததும் அப்படியே பின்னால் சாய்த்தால் அதுவே படுக்கை. "எவ்வளவு ஈஸி பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். உள்ளேயிருந்து இரும்பில் இரும்பு மோதி 'டங்' என்றது.

"இதோ வரேன்," என்று மாஸ்டரக்கா எழுந்துவிட்டாள்.

கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். "எங்கக்கா?"

எங்கே என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கைப்பை தரையில் விழுந்து கிடந்தது. இன்னும் படுத்தபடியே இருந்த அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக எழுந்து, பையைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தாள். "சத்தம் வராத சோபா இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சத்தம் அண்ணிக்கும் தெரியும்.

மாஸ்டரக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் கம்பி வடங்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஊர்வம்பு பேசுகிற மனுஷன். வாய் ஓயாது. "நான் செத்தாத்தான் இந்த வாய் மூடும்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். அப்படி நடக்கவில்லை. முதலில் வாய் போயிற்று. ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி சரிந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் அதோடு போயிற்று. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது கூடவே ஒரு கட்டிலும் வந்தது. கால்மாட்டில் கைப்பிடி சுற்றினால் தலைப்பக்கம் உயரும், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அடியில் சக்கரம். வாடகைக் கட்டில்.

அவர்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்தில் கட்டிலைப் போட்டதும் மிச்சம் இருந்தது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதில் ஒருத்தி ஒருக்களித்துப் படுக்கலாம். இரண்டு பேர் முடியாது. அப்போது அண்ணி வந்து பார்த்தாள். இடுப்பில் கைவைத்து நின்று, "பிள்ளையை எங்க படுக்க வைப்ப, ஆணியில மாட்டுவியா?" என்று கேட்டாள். அன்றைக்கே மகளின் துணிமணியை எடுத்து வைத்துத் தன் ஊருக்குக் கூட்டிப் போனாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று பேச்சு. மகள் அப்போது பள்ளியில் நடுவகுப்புகளில் இருந்தாள். இப்போது பள்ளியையே முடித்துவிட்டாள்.

கணவர் இடது கை மோதிரத்தைக் கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிடுவார். டங். சமையலறையிலிருந்து இவள் "இதோ வரேன்" என்பாள். தண்ணீரா, புரட்டிப் போடவா, ஜன்னலைச் சாத்தவா என்று தட்டும் விதத்திலேயே தெரிந்துவிடும். சில சமயம் எதற்கும் இல்லாமல் தட்டுவார். போய் நின்றால் கண்ணைச் சிமிட்டுவார். வாய் போனாலும் குசும்பு போகவில்லை.

அவர் போனதும் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தூக்க வந்த ஆட்கள் அதை மடக்கிக் கதவு வழியாகச் சாய்த்துக் கொண்டுபோனபோது, கூடம் திடீரென்று பெரிதாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை. தரையில் சக்கரம் அழுத்திய நாலு கறுப்புத் தடங்கள் மட்டும் இருந்தன. துடைத்தாள், தேய்த்தாள், போகவில்லை. பிறகு அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டாள். வீடு கூட்டும்போது துடைப்பம் தானாகவே சுற்றிக்கொண்டு போகும். இன்னமும் அந்தச் சந்தில்தான் பாய் விரித்துப் படுத்தாள், சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டி, காலியான பக்கம் முகத்தை வைத்து. சமையலறையில் தட்டு சரிந்தாலும் பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்தாலும் "இதோ வரேன்" என்று வாய் முந்திக்கொள்ளும். வேலையிடத்திலும் சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் தையல் பெண்கள் "யாரைப் பாக்கப் போறீங்க மாஸ்டரக்கா, எங்ககிட்டயும் சொல்லுங்க" என்று கிண்டலடித்தார்கள். இப்போது யாரும் கிண்டலடிப்பதில்லை. அவள் அப்படிச் சொன்னால் மெஷின்கள் ஒரு கணம் நின்று, பிறகு ஓடும்.

மாஸ்டரக்கா என்ற பெயர் அந்தப் பட்டறையில்தான் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சீருடை தைக்கிற இடம். அவள் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் கை, கழுத்து, முதுகு என்று பழுப்புத் தாள் அளவுகளைப் பரப்பி, சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டுவாள். கை தவறாது. துணியை வீணாக்காமல் தாள்களை நெருக்கி அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டுக்காரரே பெருமையாக "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது மகளுக்கு அம்மா இருக்கும் ஊரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரி விடுதியிலும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடுதியா வீடா என்று திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றிருந்தாள் மகள், விருந்தாளி மாதிரி. அந்த 'பாத்துட்டு' என்ற சொல் மாஸ்டரக்காவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. விடுதிக்குப் போனால் அங்கிருந்து வேலை, வேலையிலிருந்து கல்யாணம். இனி அவள் இந்த வீட்டில் வசிக்கவே போவதில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு என்று மாஸ்டரக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு படுக்கை வேண்டும். பகலில் மடக்கி உட்கார, இரவில் விரித்துப் படுக்க. சின்ன வீட்டுக்கு அதுதான் சரி என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள்.

கடையில் மூன்று சோபாக்கள் தேறின. மூன்றுக்கும் மூடிய அளவு, விரித்த அளவு இரண்டும் எடுத்துக்கொண்டு வந்து, பட்டறையின் பழுப்புத் தாளில் விரித்த அளவுக்கு நிஜமாகவே வெட்டினாள். காகிதத்தில் கோடு போட்டுப் பார்ப்பதெல்லாம் அவளுக்குச் சரிப்படாது. பொருள் எவ்வளவோ தாளும் அவ்வளவு இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்துத் தரையில் விரித்தாள். பச்சை நிறத்துப் பெரிய சோபா, அண்ணிக்குப் பிடித்தது, கம்பி குத்தாதது, நுழையவே இல்லை. நடுவாந்தரமானது அலமாரிக் கதவைத் திறக்க விடவில்லை. ஜன்னல் ஓரம், கதவுப் பக்கம், அலமாரியை நகர்த்தி என்று எப்படி எப்படியோ திருப்பிப் பார்த்தாள். கடைசியில் மூலையோடு ஒட்டிப் போட்டால் ஒன்றே ஒன்று அடங்கியது. இருப்பதிலேயே சின்னது. ஒற்றை ஆள் நாற்காலி மாதிரி இருக்கும், இழுத்தால் ஒடுங்கலாக ஒரு படுக்கை வரும்.

அண்ணிக்குப் போன் செய்தாள். "சின்னதுதான் அண்ணி முடியும். நல்லா அளந்து பாத்துட்டேன்."

"பச்சை?"

"இடமில்ல."

"நீ அளந்தா சரிதான். ஊருக்கே உடுப்பு வெட்டறவ," என்றாள் அண்ணி.

சோபா வந்து இறங்கியது. மூலையில் முடங்கி உட்கார்ந்தது. மாஸ்டரக்கா புது விரிப்பு வாங்கிப் போட்டாள், தலையணை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். 'உனக்குத்தான்' என்று அது சொல்ல வேண்டும், ஆனால் ரொம்பவும் கெஞ்சக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியும் மகளும் வந்தார்கள். மகளை அண்ணி 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவாள். அப்பனின் உயரம் அப்படியே வந்திருந்தது. கதவில் குனிந்துதான் நுழைந்தாள், இடிக்காது என்றாலும். நுழைந்தவள் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அண்ணி சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், வெயிலைத் திட்டினாள், சோபாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"படுத்துப் பாரேன் பாப்பா," என்றாள் மாஸ்டரக்கா. கடைக்காரன் குரல் தன் வாயில் வந்துவிட்டதுபோல் அவளுக்கே இருந்தது.

மகள் படுத்தாள். கணுக்கால் வரை வெளியே தொங்கியது. ஒருக்களித்துப் பார்த்தாள், முட்டி சுவரில் இடித்தது. மடக்கிப் படுத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டை, உன்னையும் மடக்கி விரிக்கிற மாதிரி செஞ்சிருக்கணும்டி," என்று அண்ணி பேச்சை லேசாக்கப் பார்த்தாள்.

"ஏம்மா இவ்ளோ சின்னதா வாங்கின?"

"இடமில்ல பாப்பா."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"அப்பவும் இதையேதான் சொன்ன."

"அப்ப கட்டில் இருந்துச்சே..."

"இப்ப?"

மாஸ்டரக்கா தலையணையைத் தட்டி ஓரமாக வைத்தாள்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்மா. சோபா வாங்கி சொல்ல வேண்டியதில்ல. நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன்." குரல் உடைந்ததை மறைக்க அவள் விருட்டென்று எழுந்து, செருப்பு கிடந்த வாசலை நோக்கிக் கூடத்தின் குறுக்கே நேராக நடந்தாள்.

"ஏய், பாத்து! அப்பா மேல..."

மாஸ்டரக்காவின் அலறல் கூடத்தில் மோதி நின்றது. இரண்டு கையும் நீட்டியபடி இருந்தாள். மகள் அந்த நாலு கறுப்புத் தடங்களுக்கு நடுவில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். அண்ணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

"அப்பா மேலயா?" என்றாள் மகள், மெல்ல.

மாஸ்டரக்கா தரையைப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் வெறும் தரை. வெயில் விழுந்து கிடந்தது. பச்சை சோபா மட்டுமல்ல, அதைப்போல் இன்னொன்றும் போடலாம். இத்தனை இடமும் எங்கே இருந்தது?

அவளுக்குப் புரிந்தது. பட்டறையில் துணியை விரித்ததும் முதலில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பாள். நூல் அறுந்த இடம், கறை பட்ட இடம். அதைச் சுற்றி சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் போட்டுவிட்டால் அந்த இடம் துணியிலேயே இல்லை என்று கணக்கு. தாள்களை அதை விட்டுவிட்டுச் சுற்றித்தான் அடுக்குவாள், யோசிக்காமலே கை ஒதுங்கிப் போகும். இங்கேயும் கை ஒதுங்கித்தான் போயிருக்கிறது. அத்தனை முறை தாளைத் திருப்பித் திருப்பிப் போட்டாளே, ஒரு தடவைகூட அதன் நுனி அந்தத் தடங்களைத் தாண்டி உள்ளே போகவில்லை.

"விட்டுட்டு அளந்திருக்கேன்," என்றாள். "அவர் இருக்கார்னு விட்டுட்டு அளந்திருக்கேன் பாப்பா. சத்தியமா எனக்கே தெரியல."

மகள் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"கட்டில்தான் போயிடுச்சே," என்றாள்.

"கட்டில் போயிடுச்சு," என்றாள் மாஸ்டரக்கா.

அண்ணி சமையலறை வாசலிலிருந்து கரகரத்தாள். "அவளை மட்டும் சொல்லாதடி. நானும் வந்ததுலேர்ந்து சுவரை ஒட்டித்தான் நடக்கறேன். தண்ணி குடிக்கப் போனேன்ல, பாக்கல? சிலந்தி மாதிரி போனேன். நீ மட்டும் என்ன, ஜன்னல் ஓரமாத்தானே வந்து நின்ன?"

மகள் காலைக் கீழே வைத்தாள், மெதுவாக, எதையோ மிதித்துவிடாமல் பார்த்து. "எனக்கு இங்க பயமா இருக்கும்மா," என்றாள். அழுகை இப்போதுதான் வந்தது. "லீவுக்கு வந்தப்பல்லாம் கதவுகிட்டயே நின்னு பாத்துட்டுப் போயிடுவேன். கிட்ட போனா கையைப் பிடிச்சுப்பாரு. விட மாட்டாரு. அப்புறம் அத்தை வீட்டுக்குப் போய் கையைக் கழுவுவேன். இப்ப அதை நினைச்சாத்தான் ரொம்ப பயமா இருக்கு."

மாஸ்டரக்கா போய் அவளைத் தொட நினைத்தாள். தொட வேண்டுமானால் அந்த இடத்துக்குள் போக வேண்டும். போக முடியவில்லை. தடத்தின் இந்தப் பக்கமே நின்றாள்.

"அப்ப ஹாஸ்டலுக்கே போயிடு பாப்பா. பயந்துக்கிட்டு ஏன் இருக்கணும்?"

நிஜமாகத்தான் சொன்னாள்.

மகள் மூக்கைத் துடைத்தாள். "அங்கயும் பயமாத்தான் இருக்கும். அங்க யாருக்கும் அப்பாவைத் தெரியாது. யார்கிட்ட சொல்றது?"

பிறகு மகள் தையல் மெஷினுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பழுப்புத் தாளைக் கண்டாள். "அது என்னம்மா?"

"பச்சை சோபா. விரிச்சா அவ்வளவு வரும்."

அவள் அதை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் உருட்டிவிட்டாள். தாள் தடங்களை மூடிக்கொண்டு விரிந்தது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் இடையில் அதற்கென்றே செய்ததுபோல் கிடந்தது. சுற்றி நடக்கவும் இடம் மிச்சம்.

அப்போது தாளின் நடுப்பகுதி மெல்ல உயர்ந்தது. அடியில் படுத்திருக்கும் ஒருவர் மூச்சை இழுத்ததுபோல் உப்பி, ஒரு கணம் நின்று, அடங்கியது. மறுபடி உப்பியது.

"காத்து," என்றாள் மகள்.

"ஆமா, காத்து," என்றாள் மாஸ்டரக்கா.

அண்ணி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அது ஓடவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அனல் காற்று வருகிறதென்று அவளே சாத்திய கண்ணாடி ஜன்னல். தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொண்டையைச் செருமினாள். நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல், "அப்பா, கொஞ்சம் தள்ளிக்கங்க," என்று சொல்லிவிட்டு, தாளின் மேல் ஒரு ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டரக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அண்ணிக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. "அவர் தள்ள மாட்டாருடி," என்றாள் அவள். "நல்லா இருந்தப்பவே படுக்கை முழுக்க கையைக் காலைப் பரப்பிக்கிட்டுத்தான் கிடப்பாரு. நான்தான் ஒடுங்கிக்குவேன்."

"எங்க தம்பி சின்ன வயசுலயே அப்படித்தான்," என்றாள் அண்ணி. "ராத்திரி பூரா உதைப்பான்."

"அதனாலதான் பெரிசு வேணும்," என்றாள் மகள். "அத்தை, ஹாஸ்டலுக்கு வரலைன்னு சொல்லிடலாம். இந்தச் சின்ன சோபாவையும் மாத்திடலாம். பச்சையே வரட்டும். அம்மாவும் மேல படுக்கட்டும். அந்தச் சந்துல ஒருத்தரும் படுக்க வேணாம்."

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் தன் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒரு தாளில் உட்கார்ந்து கைவிட்டுப் போவதை அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட என்ன கேக்கற? வீடு உங்கம்மாவோடது," என்றாள் விறைப்பாக. பிறகு, "நான் வந்தா எங்கடி படுக்கறது? அதையும் கணக்குல வச்சுக்கோங்க," என்றாள்.

மாஸ்டரக்கா செருப்பில்லாத காலை நீட்டி, பெருவிரலால் தாளின் ஓரத்தைத் தொட்டாள். சரசரத்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை நீட்டினாள். மகள் பார்க்காததுபோல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.